கெல்ட்டிய இசையை வானொலியில் கேட்கத் தொடங்குவோருக்கு ஒரு பன்னிரண்டு வார வழிகாட்டி

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஃபியோனா ரிச்சி, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஷார்லட் நகரத்துப் பொது வானொலி நிலையம் ஒன்றில் 1981இல் ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கினார். அதற்கு ‘தி திஸில் அண்ட் ஷாம்ராக்’ என்று பெயர். திஸில் என்னும் முட்செடி ஸ்காட்லாந்தின் சின்னம். ஷாம்ராக் என்னும் மூவிலைச் செடி அயர்லாந்தின் சின்னம். 1983இல் அந்த நிகழ்ச்சி அமெரிக்கா முழுவதும் உள்ள பொது வானொலி நிலையங்களைச் சென்றடைந்தது. அதன் பின் நாற்பது ஆண்டுக்காலம், வாரத்துக்கு ஒரு மணி நேரம், பழைய மெட்டுகளையும் புதிய ஆக்கங்களையும் அடுத்தடுத்து வைத்து, அவற்றுக்கிடையே சில வாக்கியங்களை நிதானமாகப் பேசி, கெல்ட்டிய இசை என்றால் என்னவென்றே அறியாத பல்லாயிரம் செவிகளை அவர் பழக்கினார்.

இத்தகைய வாராந்திர நிகழ்ச்சி ஒன்றின் துணையோடு இந்த இசைக்குள், அதாவது அயர்லாந்து, ஸ்காட்லாந்து, அவற்றுக்கு மொழியால் உறவான பகுதிகள் ஆகியவற்றின் மரபிசைக்குள், நுழைய விரும்பும் தமிழ் வாசகருக்காகவே இதை எழுதுகிறேன். பாடல்களை இணையத்தில் தேடித் தொடர்ந்து ஒலிக்கவிட்டுக் கேட்பதற்கும், அறிந்த ஒருவர் தொகுத்து வழங்கும் ஒரு மணி நேரத்தைக் கேட்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இணையம் நமக்கு அடுத்த பாட்டைத் தரும். தொகுப்பாளரோ இப்போது கேட்டதை யார் வாசித்தார், அவர் எந்த ஊர்க்காரர், யாரிடம் கற்றார், அது எந்த வகை மெட்டு என்று சொல்லிவிட்டு, அதற்கு உறவான இன்னொன்றை அடுத்து வைப்பார். வாய்மொழியாகவே கைமாறி வந்த ஓர் இசைக்கு அந்தப் பேச்சு இன்றியமையாதது.

முதலில் ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுங்கள்

ஒன்றே ஒன்று போதும். பன்னிரண்டு வாரங்களுக்கு அதை மாற்றாதீர்கள். ஐரிஷ் வானொலியான ஆர்டிஇயின் முதல் அலைவரிசையில் 1950களிலிருந்து சனிக்கிழமை இரவுகளில் ஒலித்து வரும் ‘கேய்லி ஹவுஸ்’, நடன மெட்டுகளைக் கேட்டுப் பழகுவதற்கு மிக ஏற்றது. ஸ்காட்லாந்தின் நடன இசைக்குழுக்களைக் கேட்க விரும்புவோருக்கு பிபிசி ஸ்காட்லாந்து வானொலியின் ‘டேக் த ஃப்ளோர்’ நெடுங்காலமாகத் துணை நின்றிருக்கிறது. 1972 ஏப்ரல் 2 அன்று தொடங்கிய ராடியோ நா கேல்டாக்டா முழுக்க முழுக்க ஐரிஷ் மொழியில் ஒலிபரப்பாவதால், பேச்சு புரியாது. ஆயினும் அதில் மண்ணுக்கு மிக நெருக்கமான வாசிப்புகள் கிடைக்கும். தொடக்கநிலையில் இருப்பவர், தொகுப்பாளர் ஆங்கிலத்தில் பேசும் நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. பெயர்களும் விளக்கங்களும் அவ்வளவு முக்கியமானவை.

நேரக் கணக்கையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அயர்லாந்தும் பிரிட்டனும் குளிர்காலத்தில் நமக்கு ஐந்தரை மணி நேரமும், மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நான்கரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். அங்கே சனி இரவு 9 மணி என்றால், இங்கே ஞாயிறு விடியற்காலை இரண்டரை அல்லது ஒன்றரை மணி. ஆகவே நேரலையில் கேட்க முயன்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். பின்னர் கேட்கும் வசதி இருக்கும் நிகழ்ச்சியாகத் தேர்ந்தெடுத்து, வாரத்தில் ஒரு நாளையும் ஒரு நேரத்தையும் உங்களுக்கென ஒதுக்கிவிடுங்கள். வேறு வேலை செய்துகொண்டே கேட்பது மூன்றாம் மாதத்துக்குப் பிறகு தவறில்லை. தொடக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஒரு குறிப்பேடும் தேவை. ஒவ்வொரு இசைத்துண்டுக்கும் ஒரு வரி போதும்: ஒலித்த நிமிடம், மெட்டின் வகை, முன்னால் நிற்கும் கருவி, ஊர், உங்களுக்குத் தோன்றிய ஒரு சொல். பெயர்களைத் தொகுப்பாளர் உச்சரித்தபடியே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். ஐரிஷ் மொழியின், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியின் எழுத்துக்கூட்டல் ஆங்கில வழக்கிலிருந்து வெகுதூரம் விலகியது. ‘ஷிவான்’ என்று காதில் விழும் பெயரை எழுத்தில் பார்த்தால் அடையாளமே தெரியாது. பெரும்பாலான நிகழ்ச்சிகள் அந்த வாரத்தின் இசைப் பட்டியலை வெளியிடுகின்றன. அதனுடன் உங்கள் குறிப்பை ஒப்பிட்டால், சரியான எழுத்து வடிவமும் கிடைக்கும், தேடவும் எளிதாகும்.

முதல் மூன்று வாரங்கள்: தாளம் மட்டும்

புதிதாகக் கேட்பவருக்கு எல்லா மெட்டும் ஒரே மெட்டாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் வாரக் குறிப்பில் மூன்று இடங்களில் ‘அதே பாட்டு’ என்றே எழுதிவைத்தேன். இந்தத் திகைப்பு கூடத்தில் நின்றபடி எல்லா அறைகளையும் ஒரே சமயத்தில் பார்க்க முயல்வதால் வருவது. ஆகவே முதல் மூன்று வாரங்களில் கருவியையும் ஊரையும் பாடலின் பொருளையும் விட்டுவிட்டுத் தாளத்தை மட்டும் கேளுங்கள். இங்கே தமிழ்க் காதுக்கு ஒரு வசதி இருக்கிறது: சொற்கட்டுச் சொல்லி எண்ணும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே உண்டு.

ஜிக் என்பது மும்மூன்றாக நடப்பது. ‘தகிட தகிட’ என்று சொல்லிக்கொண்டே தொடையில் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு ‘த’விலும் ஒரு தட்டு விழுந்து, ஒரு அளவுக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் ஒரு தாளக் கட்டத்துக்கு, இரண்டு தட்டுகள் வந்தால் அது ஜிக். அதே ‘தகிட’ இரண்டுக்குப் பதிலாக மூன்று முறை வந்து ஒரு அளவு நிறைந்தால், அது ஸ்லிப் ஜிக். ஒற்றைப்படையில் முடிவதால் அதற்கு ஒரு மிதப்பு உண்டு, காலைத் தரையில் வைக்காமலே அடுத்த அளவுக்குள் போய்விடுவது போல இருக்கும். ரீல் என்பது நான்கு நான்காக ஓடுவது: ‘தகதிமி தகதிமி’. அயர்லாந்தில் இன்று மிகுதியாக வாசிக்கப்படுவது ரீல்தான் என்பதால், ஐயம் வந்தால் ரீல் என்று எழுதிவிட்டுப் பிறகு சரிபாருங்கள். ஹார்ன்பைப்பும் நான்குதான், ஆனால் சற்று மெதுவாக, ஒவ்வோர் இணையிலும் முதல் சுரம் நீண்டும் அடுத்தது குறுகியும், நொண்டியடித்து நடப்பது போல வரும். போல்கா இரண்டு இரண்டாக அடித்துச் செல்வது.

ஸ்காட்லாந்துக்கு உரிய ஸ்ட்ராத்ஸ்பேயைத் தனியாகக் கவனிக்க வேண்டும். அதன் வேகம் குறைவு. ஆனால் குறுகிய சுரம் முதலிலும் நீண்ட சுரம் பின்னாலுமாக வந்து ‘டக்’கென ஒடியும் ஓர் அசைவு அதில் அடிக்கடி தோன்றும். அந்த ஒடிவைக் காது ஒருமுறை பிடித்துக்கொண்டால் பிறகு விடாது. ஆயிரம் மெட்டுகளுக்கு நடுவிலும் ‘இது ஸ்காட்லாந்து’ என்று சொல்லிவிடலாம், பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

நான்காம் வாரம்: மெட்டு மாறும் இடம்

இதுதான் முழுப் பயிற்சியிலும் முதன்மையான படி. வானொலியில் ஐந்து நிமிடம் ஒலிக்கும் ஓர் இசைத்துண்டு, பெரும்பாலும் ஒரு மெட்டு அல்ல. இடைவெளியின்றிக் கோக்கப்பட்ட இரண்டு மூன்று மெட்டுகளின் கொத்து. ஒவ்வொரு நடன மெட்டுக்கும் வழக்கமாக இரண்டு பகுதிகள் இருக்கும். முதல் பகுதி 8 அளவுகள், அதை மீண்டும் ஒருமுறை. இரண்டாம் பகுதி 8 அளவுகள், அதையும் மீண்டும் ஒருமுறை. ஆக மொத்தம் 32 அளவுகள். ஒரு ரீலை ஒரு சுற்று வாசித்து முடிக்கச் சுமார் 35 விநாடிகள் ஆகும். அதை இரண்டு அல்லது மூன்று சுற்று வாசித்துவிட்டு, மூச்சு விடக்கூட நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குள் இறங்கிவிடுவார்கள்.

அந்த இறங்கும் இடத்தைப் பிடிப்பதே உங்கள் வேலை. கைக்கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள், முதல் மெட்டின் தொடக்கச் சொற்றொடரை வாய்க்குள் முனகிக்கொண்டே இருங்கள், 35 விநாடிக்கு ஒருமுறை அது திரும்பி வரும். ஒரு கட்டத்தில் அது வர வேண்டிய இடத்தில் வேறொன்று வரும், பெரும்பாலும் ஆதார சுருதியும் இடம் மாறியிருக்கும், இசையின் நிறமே சட்டென மாறுவது போல ஓர் எழுச்சி உண்டாகும். நேரடிப் பதிவாக இருந்தால், அந்த நொடியில் கூட்டத்திலிருந்து ஒரு கூவல் எழுவதையும் கேட்பீர்கள். அந்த மாற்றத்தைச் சரியாக அமைப்பதில்தான் ஒரு குழுவின் சுவையுணர்வு வெளிப்படுகிறது என்று இந்த இசையை வாசிப்பவர்கள் கருதுகிறார்கள். கூட்டம் கூவிய அதே நொடியில் உங்களுக்கும் உடல் சிலிர்த்தால், ஐந்தாம் வாரத்துக்குப் போகலாம். இல்லையென்றால் இதே படியில் இன்னொரு வாரம் இருங்கள். இதில் அவசரம் கூடாது.

மெட்டுகளின் பெயர்களைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயருக்கும் இசைக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை; ஒரே மெட்டுக்கு ஊருக்கொரு பெயர் இருக்கும்; பெயரே தெரியாதவை ஐரிஷில் ‘கன் அனிம்’, அதாவது ‘பெயரிலி’ என்று அறிவிக்கப்படும். மெட்டுகள் கடல் தாண்டியும் போயிருக்கின்றன. முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835), மேலைநாட்டு பேண்டு இசையின் மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் அமைத்த நோட்டுஸ்வரங்களில் ஐரிஷ், ஸ்காட்டிஷ் மெட்டுகளும் உள்ளன. கச்சேரிகளின் இறுதியில் நோட்டுஸ்வரம் கேட்டுப் பழகியவருக்கு, அந்த நடையும் பகுதி பகுதியாகத் திரும்பி வரும் அமைப்பும் ஏற்கெனவே காதில் இருக்கும்.

ஐந்தும் ஆறும்: கருவிகள்

ஃபிடில் என்பது வயலினேதான். வாசிக்கும் முறை வேறு. டின் விசில் ஆறு துளையுள்ள சிறு உலோகக் குழல். மரப் புல்லாங்குழல், துருத்தியை விரித்துச் சுருக்கி வாசிக்கும் கான்செர்ட்டினா, பொத்தான் அக்கார்டியன் ஆகியவற்றை நான்கைந்து முறை கேட்டால் பிரித்தறியலாம். நேரம் செலவிட வேண்டியது காற்றுப்பையோடு கூடிய பைப்புகளுக்குத்தான்.

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் பேக்பைப், வாயால் ஊதப்படுவது; திறந்த வெளிக்கானது; ஒன்பதே சுரங்களும் மூன்று ஆதார சுருதிக் குழல்களும் கொண்டது; சுரங்களுக்கிடையே ஒலியை நிறுத்த வழியில்லாததால், ஒரே சுரத்தை இருமுறை ஒலிக்க வேண்டுமானால் நடுவில் வேறொரு சிறு சுரத்தைத் தெறித்துத்தான் ஆக வேண்டும், அந்தத் தெறிப்புகளே அதன் அழகுமாகும். அயர்லாந்தின் இல்லன் பைப் வேறு. ஐரிஷில் ‘இல்லன்’ என்பது முழங்கையைக் குறிக்கும் சொல்; வாசிப்பவர் உட்கார்ந்து, முழங்கைக்கு அடியில் உள்ள துருத்தியை அமுக்கிக் காற்றைச் செலுத்துவார். இதில் இரண்டு ஸ்தாயிகள் கிடைக்கும்; மணிக்கட்டால் தட்டி ஒலிக்கும் கூடுதல் குழல்களும் உண்டு; குரல் தழுதழுப்பது போன்ற நெகிழ்ச்சியும் இதற்குக் கைவரும். இதன் வாசிப்பு மரபை யுனெஸ்கோ 2017இலும், யாழ் போன்ற ஐரிஷ் ஹார்ப்பின் மரபை 2019இலும் மானுடத்தின் பண்பாட்டு மரபுச் செல்வங்களாக ஏற்றது. பைப்புகளில் மெட்டுக்கு அடியில் இடைவிடாது நிற்கும் சுருதி, ஒத்தும் தம்பூராவும் கேட்டு வளர்ந்தவருக்கு வீட்டுக்கு வந்தது போலவே இருக்கும்.

பௌரான் என்னும் ஆட்டுத்தோல் கைமுரசு பழமையானதாகத் தோன்றினாலும், அது குழுக்களில் நிலையான இடம் பெற்றது 1960களில், இசையமைப்பாளர் ஷான் ஓ ரியடா தம் குழுவில் அதை முன்னிறுத்திய பிறகே. அதே பதிற்றாண்டில்தான் கிரேக்க நாட்டு பூசூக்கி என்னும் தந்திக் கருவி ஐரிஷ் இசைக்குள் வந்து, சில ஆண்டுகளிலேயே பிறந்த வீடு போலத் தங்கிவிட்டது. ‘மரபு’, ‘புதுமை’ என்று இரண்டு பெட்டிகள் வைத்துக்கொண்டு கேட்பது பயனற்றது என்பதற்கு இந்த இரண்டு கருவிகளே போதிய சான்று.

கேட்கும் முறையைப் பற்றி ஒன்று. மரபான வாசிப்பில் எல்லாக் கருவிகளும் ஒரே மெட்டையே, தத்தம் சிறு வேறுபாடுகளோடு வாசிக்கும். மேலைச் செவ்விசைக்குப் பழகியவர் இங்கே அடுக்கடுக்கான சுர இணைவுகளைத் தேடி ஏமாறுவார். பாடகரை வயலின் பின்தொடர்வதைக் கேட்டவருக்கு இது இயல்பாகவே பிடிபடும். சுர வரிசைகளும் அந்நியமல்ல: மெட்டுகளில் பல சங்கராபரணத்தின் சுரங்களிலும், மற்றவற்றில் பெரும்பாலானவை அரிகாம்போதி, கரகரப்பிரியா, நடபைரவி ஆகியவற்றின் சுரங்களிலும் அடங்கிவிடும். ஆனால் ராகமாக அவற்றைக் கேட்கக் கூடாது. கமகமாக எதையும் எதிர்பார்க்காதீர்கள். இங்கே அலங்காரம் என்பது விரலை எடுத்து வைக்கும் நொடியில் தோன்றி மறையும் வெட்டுகளும் சுழற்றல்களும்தான்.

ஏழு முதல் ஒன்பது வரை: ஊர்கள்

‘கெல்ட்டிய’ என்பது முதலில் ஒரு மொழிக்குடும்பத்தின் பெயர். வேல்ஸைச் சேர்ந்த எட்வர்ட் லூயிட் 1707இல் இந்த மொழிகளின் உறவை ஒப்பிட்டுக் காட்டினார். ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மாங்ஸ் ஆகியவை ஒரு கிளை. வெல்ஷ், கார்னிஷ், பிரெட்டன் ஆகியவை மற்றொரு கிளை. மொழிகள் உறவு என்பதற்காக இசையும் ஒன்றாகிவிடாது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே குடும்பம் என்று அறிந்த நாம், கும்மியும் யட்சகானமும் ஒன்று என்று சொல்வதில்லை. டோனிகாலில் ஃபிடில் வாசிக்கும் ஒருவரைக் கேட்டால், தாம் வாசிப்பது டோனிகால் இசை என்றோ வெறுமனே ‘ட்ராட்’, அதாவது மரபிசை, என்றோ சொல்லக்கூடும். ‘கெல்ட்டிய இசை’ என்ற பெயர் இசைத்தட்டுக் கடைகளும் விழாக்களும் வானொலிகளும் பரப்பியது. வசதியான பெயர்தான், அதற்கு உள்ளே இருக்கும் ஊர்களைக் கேட்கக் கற்றால்தான் அந்த வசதிக்குப் பொருள் உண்டு.

அயர்லாந்திலிருந்து தொடங்குங்கள். வடமேற்கு மூலையில் உள்ள டோனிகாலில் வில்லை ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனியாக இழுத்து, விறுவிறுப்பாக வாசிப்பார்கள். அந்த மாவட்டத்தார் தலைமுறை தலைமுறையாக ஸ்காட்லாந்துக்கு அறுவடை வேலைக்குப் போய்வந்ததால், அங்கிருந்து வந்த ஸ்ட்ராத்ஸ்பே வகைகளும் இங்கே வேரூன்றியுள்ளன. ஸ்லைகோவின் வாசிப்பு துள்ளலும் அலங்காரமும் மிகுந்தது. அவ்வூர்க்காரரான மைக்கேல் கோல்மன் (1891–1945) அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, 1920களில் நியூயார்க்கில் பதிவுசெய்த இசைத்தட்டுகள் கப்பலேறி அயர்லாந்துக்கே திரும்பி வந்தன. அவற்றைக் கேட்ட நாடெங்கும் உள்ள இளைஞர்கள் தங்கள் ஊர்ப் பாணியை விட்டு ஸ்லைகோ பாணிக்கு மாறினார்கள். கிளேர் மாவட்டத்தில் வேகம் தணிந்து, ஒவ்வொரு சுரமும் நின்று பேசும். அவ்வூரின் மார்ட்டின் ஹேஸ் வாசிப்பில் அதைக் கேட்கலாம். கார்க், கெர்ரி மாவட்டங்கள் சந்திக்கும் ஸ்லீவ் லூக்ரா மலைப்பகுதியில் ரீல்களைவிடப் போல்காவும், ஸ்லைடு என்னும் வேகமான ஜிக் வகையும் மிகுதி. ஊர் ஊராக நடந்தே ஃபிடில் கற்பித்த பாட்ரிக் ஓ கீஃபின் (1887–1963) மாணவர் மரபு அங்கே இன்றும் தொடர்கிறது.

இந்த வட்டாரப் பாணிகள் நமக்குத் தெரிய வந்ததில் வானொலியின் பங்கு பெரிது. அயர்லாந்து வானொலி 1947இல் நடமாடும் பதிவு வண்டியை ஏற்படுத்தி, இசைச் சேகரிப்பாளர் ஷேமஸ் எனிஸ் போன்றோரைச் சமையலறைகளுக்கும் ஊர்க்கூடங்களுக்கும் அனுப்பியது. வெளியூரே காணாத விவசாயிகளின் வாசிப்பு மற்ற மாவட்டங்களில் முதன்முதலாகக் கேட்டது அப்படித்தான். பழைய பதிவு ஒன்றைத் தொகுப்பாளர் அறிமுகப்படுத்தும்போது, பின்னணியில் கேட்கும் நாற்காலிச் சத்தத்தையும் கால் தட்டலையும் குறையாக எண்ணாமல் கேளுங்கள். அந்தக் கால் தட்டல்தான் அந்த ஊரின் நடன வேகம்.

அயர்லாந்துக்கு வெளியே, கனடாவின் கேப் பிரெட்டன் தீவை விட்டுவிடாதீர்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்து நிலம் இழந்து வெளியேறியவர்கள் அங்கே குடியேறினார்கள். அவர்களுடைய ஃபிடில் வாசிப்பும் நடனமும் அத்தீவில் பிரியாமல் வாழ்ந்தன. கூடவே ஒலிக்கும் பியானோவின் துள்ளல் அத்தீவுக்கே உரியது. பிரான்சின் வடமேற்கில் உள்ள பிரிட்டனியைப் பிரிட்டனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அதன் பொம்பார்டு என்னும் சீவாளிக் கருவி, அமைப்பிலும் முழக்கத்திலும் நம் நாகஸ்வரத்துக்கு உறவுக்காரர். ஊர் கூடிக் கைகோத்து இரவெல்லாம் ஆடும் அங்கத்திய ஃபெஸ்ட்நோஸ் 2012இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. வேல்ஸின் மூன்று வரிசைத் தந்தி கொண்ட ஹார்ப், ஸ்பெயினின் கலீசியப் பைப், கார்ன்வால், மான் தீவு ஆகியவை உங்கள் நிகழ்ச்சியில் அரிதாகவே வரும். வரும்போது குறித்துக்கொண்டால் போதும்.

பத்தாம் வாரம்: பாடல்கள்

பாடல்களை ஏன் இவ்வளவு பிந்தி வைத்தேன் என்று கேட்கலாம். தாளத்தைத் தொடைமேல் தட்டி ஒன்பது வாரம் பழகிய காது, தாளமே இல்லாத ஒரு குரலைக் கேட்கும்போதுதான், அங்கே எது விலக்கப்பட்டிருக்கிறது என்பதை உணரும். அயர்லாந்தின் ஷான்நோஸ், அதாவது ‘பழைய முறை’ப் பாடல், பக்கவாத்தியமின்றி ஒற்றைக் குரலில், சொல்லின் ஓட்டமே காலக் கணக்காகப் பாடப்படுவது. ஒரே மெட்டு சரணத்துக்குச் சரணம் சிறிது சிறிதாக வேறுபடும். பாடுபவர் குரலை உயர்த்தியோ தாழ்த்தியோ உணர்ச்சியைக் காட்ட மாட்டார். கதை முடிந்ததும் கடைசி வரியைப் பாடாமல் பேச்சாகவே சொல்லி முடிப்பவரும் உண்டு. முதல்முறை கேட்கும்போது வறண்டதாகத் தோன்றினால், அந்தப் பாட்டை மட்டும் அதே வாரத்தில் மூன்று முறை கேளுங்கள், விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். கேட்போர் நடுவில் ‘மோ ஹ்யோல் ஹூ’ என்று முணுமுணுப்பதும் சில பதிவுகளில் விழும். நம் சபாஷுக்கு நிகரான அந்தச் சொற்றொடரின் நேர்ப்பொருள் ‘நீயே என் இசை’ என்பது. கியரான் மாக் மஹூனா 1970 முதல் 2005 வரை ஞாயிறு காலைகளில் ஐரிஷ் வானொலியில் வழங்கிய நிகழ்ச்சிக்கும் அதுவே பெயர். ஒரு வானொலி நிகழ்ச்சிக்கு இதைவிட நல்ல பெயரை நான் அறியேன்.

ஸ்காட்லாந்தின் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளில், முற்காலத்தில் நெய்த கம்பளித் துணியை நனைத்து, பெண்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து அடித்து அடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். அந்த வேலைக்கான பாடல்களில் ஒருத்தி வரியைப் பாட, மற்றவர்கள் பல்லவியைத் திருப்பிப் பாடுவார்கள். நடவுப் பாட்டு கேட்டவருக்கு அந்த அமைப்பை விளக்க வேண்டியதில்லை. பல்லவியில் வருபவை பெரும்பாலும் பொருளற்ற ஓசைகள். அவற்றின் வேலை கைகளை ஒன்றாக இறக்குவது. கருவி இல்லாத இடத்தில் வாயாலேயே நடன மெட்டைப் பாடி ஆடவைக்கும் ‘புர்ஷ்ட் அ பியல்’ இன்னொரு வகை. வாய் நழுவாமல் அதை வேகமாகப் பாடுவது பெரிய திறமை. லூயிஸ் தீவின் தேவாலயங்களில், முன்பாடகர் விவிலியச் சங்கீதத்தின் வரியை எடுத்துக் கொடுக்க, சபையோர் ஒவ்வொருவரும் தத்தம் நெளிவுகளோடு அதைப் பின்தொடர்வார்கள். அந்தக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் புரண்டு வருவதைக் கேட்டால் கடலோரத்தில் நிற்பது போல இருக்கும். வடக்கு யூஸ்ட் தீவைச் சேர்ந்த ஜூலி ஃபௌலிஸ் கேலிக்கில் பாடும்போது, அடியில் நிற்கும் சுருதி ஒலி பழக்கமானதாகத் தோன்றினால் வியக்க வேண்டாம். இந்தியச் சுருதிப் பெட்டியையும் அவர் வாசிப்பதுண்டு.

பதினொன்றாம் வாரம்: புதிய ஆக்கங்கள்

நிகழ்ச்சியில் மின் கிட்டாரோ கணினித் தாளமோ ஒலித்தால், உடனே அதற்கு அடியில் என்ன மெட்டு இருக்கிறது என்று தேடுங்கள். 1972இல் பிரிட்டனியின் அலன் ஸ்டிவெல் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் ஹார்ப்பையும் மின் கருவிகளையும் ஒரே மேடையில் ஒலித்தார். 1970களில் பாத்தி பேண்டு, பைப்பையும் ஃபிடிலையும் ராக் இசையின் உந்துதலோடு வாசித்தது. ஆனால் மெட்டுகளில் பெரும்பாலானவை பழையவை. 1982இல் டோனிகாலைச் சேர்ந்த கிளானட் குழுவின் பாடல் ஒன்று பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதல் ஐந்து இடங்களுக்குள் வந்தது. 1992இல் கேப்பர்கெய்லி குழு வெளியிட்ட ஒரு பழைய கம்பளிப் பாட்டு, ஸ்காட்டிஷ் கேலிக்கில் முதன்முதலாக அந்தப் பட்டியலின் முதல் நாற்பதுக்குள் நுழைந்தது. எனக்கு மிக நெருக்கமானவர் மார்ட்டின் பென்னட். பழைய நாடோடிப் பாடகர்களின், கேலிக் பாடகர்களின் குரல் பதிவுகளை எடுத்து, நவீன நடனத் தாளங்களின் மேல் பதித்து 2003இல் அவர் வெளியிட்ட ‘கிரிட்’ தொகுப்பில், அந்தக் குரல்கள் ஓரிடத்திலும் அலங்காரப் பொருளாக மாறவில்லை. தாளம்தான் அவற்றுக்குப் பணிந்து நடக்கிறது. நோயுற்றிருந்த அவர் 2005இல், தம் 33ஆம் வயதில் மறைந்தார். புதிய ஆக்கத்தை மதிப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் அந்தத் தொகுப்பிலிருந்து கற்றதுதான்: பழைய குரல் அங்கே பேசுகிறதா, வெறும் மணமூட்டியாகத் தூவப்பட்டிருக்கிறதா?

பன்னிரண்டாம் வாரத்திலும் அதன் பின்னும்

இதற்குள் சில பெயர்கள் உங்கள் குறிப்பேட்டில் மீண்டும் மீண்டும் வந்திருக்கும். அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு ஆவணக் காப்பகங்களில் தேடுங்கள். டப்ளினில் 1987இல் நிறுவப்பட்ட ஐரிஷ் மரபிசைக் காப்பகமும், ஸ்காட்லாந்தின் களப்பதிவுகளை இணையத்தில் வைத்திருக்கும் ‘டோபர் அன் டூல்கைஸ்’ காப்பகமும் ஏராளமான ஒலிப்பதிவுகளை இலவசமாகக் கேட்கத் தருகின்றன. நிகழ்ச்சியில் கேட்ட ஒரு பாட்டின் ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய பதிவை அங்கே கண்டெடுப்பது அரிய அனுபவம்.

கிளாஸ்கோவிலோ டப்ளினிலோ டொராண்டோவிலோ வாழ்பவர்களுக்கு நேரில் கேட்கும் வாய்ப்பு எளிது. கிளாஸ்கோவில் 1994 முதல் ஜனவரியில் நடக்கும் கெல்டிக் கனெக்ஷன்ஸ் இசைவிழா, கிளேர் மாவட்டத்து மில்டவுன் மால்பேயில் 1973 முதல் ஜூலையில் நடக்கும் வில்லி கிளான்சி கோடைப் பள்ளி, கேப் பிரெட்டனில் அக்டோபரில் நடக்கும் கெல்டிக் கலர்ஸ் இசைவிழா ஆகியவை முதன்மையானவை. மதுக்கூடங்களில் இசைஞர்கள் வட்டமாக அமர்ந்து வாசிப்பதைக் கேட்கப் போனால், வட்டத்துக்குள் உள்ள நாற்காலியில் அமராதீர்கள், தாளத்துக்குக் கைதட்டாதீர்கள், யாராவது பாடத் தொடங்கினால் பேச்சை நிறுத்திவிடுங்கள். மெட்டின் பெயரைக் கேட்க விரும்பினால் கொத்து முழுதும் முடியும்வரை காத்திருங்கள்.

பன்னிரண்டாம் வாரத்தில் புதிய நிகழ்ச்சியைக் கேட்க வேண்டாம். முதல் வாரத்தில் கேட்ட அதே நிகழ்ச்சி இன்னும் கிடைத்தால் அதையும், கிடைக்காவிட்டால் அதன் பட்டியலில் உள்ள இசைத்துண்டுகளைத் தனித்தனியாகவும் மீண்டும் கேளுங்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிக்கும் எதிரே மெட்டின் வகையையும் அது மாறும் நிமிடத்தையும் எழுதுங்கள். நான் ‘அதே பாட்டு’ என்று எழுதியிருந்த மூன்று இடங்களில் முதலாவது, இரண்டு ஜிக்குகளின் கொத்து. இரண்டாவது கிளேர் பாணியில் நிதானமாக வாசித்த ஒரு ரீல். மூன்றாவது ஒரு ஸ்ட்ராத்ஸ்பேயில் தொடங்கி இரண்டாம் நிமிடத்தில் ரீலுக்குள் பாய்ந்த கேப் பிரெட்டன் ஃபிடில்.